மாஸ்டர் பிடித்த சாக்ஸபோன்

மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து, அவன் வாய் வைத்து ஊதிய இடத்தைத் துடைத்தார்.

ஒரு தடவை போதவில்லை. இரண்டாம் தடவையும் துடைத்தார்.

அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

பத்து நிமிஷத்துக்கு முன்புவரை அந்தச் சாக்ஸபோன் அவன் கழுத்தில்தான் தொங்கியது. மூன்று நிமிஷப் பாட்டு. ஒரே தடவையில் பதிவாக வேண்டும். நடுவில் யாராவது இருமித் தொலைத்தால் மெழுகுத் தட்டு வீண், மறுபடி முதலிலிருந்து. பாட்டின் பாதியில் மற்ற எல்லாரும் அடங்கிவிட, அவன் மட்டும் தனியாக வாசித்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அதற்கப்புறம்தான் மேஜைமேல் கிடந்த லேபிளை அவன் பார்த்தான். இசைத்தட்டின் நடுவில் ஒட்டுகிற வட்டக் காகிதம். மாதிரிக்கு ஒன்று அச்சடித்து வந்திருந்தது. அவன் வாசிப்பதற்கு முன்பே வந்திருந்தது.

சாக்ஸபோன்: டேனி நாதன்.

டேனி நாதன் வேறு யாருமில்லை, மாஸ்டர்தான். மவுண்ட் ரோடு ஓட்டலில் சாயங்காலம்தோறும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, பதினோரு பேர் பாண்டுக்கு முன்னால் குச்சி ஆட்டுகிறவர். அவர் சாக்ஸபோன் ஊதி இந்த மெட்ராஸில் ஒருத்தரும் கேட்டதில்லை.

என்ன நெஞ்சழுத்தம்!

ஏழு வருஷம். இருபத்திரண்டு இசைத்தட்டு. ஸ்டூடியோவில் இருப்பது ஒரே மைக். சாக்ஸபோன் சத்தம் பெரிசு என்று அவனைக் கதவோரமாக நிறுத்துவார்கள். இருபத்திரண்டிலும் கதவோரம்தான். லேபிளில் பாண்டின் பெயர் மட்டும் வரும். அதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். பதினோரு பேர் பெயரையும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் எங்கே போடுவது?

ஆனால் இது சாக்ஸபோன் தட்டு. இன்றைக்குத்தான் முதல் தடவையாக மைக் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"இதுல உன் பேருதான்டா, ராயப்பா." மாதா கோயில் வாசலில் வைத்து மாஸ்டரே சொன்ன வார்த்தை. அதை நம்பி அவன் வீட்டில் சொன்னான். அவன் மனைவி தெரு முழுக்கச் சொன்னாள். கிராமபோன் வைத்திருக்கிற தெருக்கோடி வீட்டில், தட்டு வந்ததும் போட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லியும் வைத்துவிட்டாள். காலையில் அவன் கோட்டுக்கு இஸ்திரி போட்டதும் அவள்தான்.

"மாஸ்டர், என் பேரு..." என்றான் அவன்.

"ராயப்பன்னு போட்டா எவன்டா வாங்குவான்?" மாஸ்டர் சிரித்தார். "அடுத்த பிளேட்டுல பாத்துக்கலாம். இப்ப அதக் குடு, போட்டோ எடுக்கணும்."

அவன் பிள்ளைகளைக்கூடத் தொட விடாத சாக்ஸபோன்.

கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

அதைத்தான் இப்போது துடைக்கிறார். அவன் எச்சில் ஆகாதாம். அவன் மூச்சு மட்டும் ஆகுமாம்.

போட்டோக்காரர் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினார். கம்பெனியின் புதுக் கேட்லாக்கில் முதல் பக்கமே இந்தப் படம்தான் என்றார் கம்பெனிக்காரர். கடைக்குக் கடை பெரிசாகவும் தொங்குமாம். மெட்ராஸ், பெங்களூர், கொழும்பு, ரங்கூன்.

அந்த ஊர்களிலும் ஓட்டல் உண்டு. ஓட்டலுக்கு ஓட்டல் பாண்டு உண்டு. பாண்டில் சாக்ஸபோன்காரன் இல்லாமல் இருப்பானா?

மாஸ்டர் பட்டையை மாட்டிக்கொண்டார். வயிற்றை உள்ளே இழுத்தார். சாக்ஸபோனை வாயில் வைத்து, கன்னத்தை உப்பினார்.

அவன் அந்தக் கைகளைப் பார்த்தான்.

வலது கை மேலே இருந்தது. இடது கை கீழே.

மறுபடி பார்த்தான்.

சாக்ஸபோனில் இடது கைதான் மேலே வரும். முதல் நாள், முதல் பாடம். வாத்தியத்தைத் தொட்ட அரை மணி நேரத்தில் எந்த மடையனுக்கும் அது தெரிந்துவிடும். இடக்கைப் பழக்கம் உள்ளவன்கூட அப்படித்தான் பிடித்தாக வேண்டும்.

பாவம், மாஸ்டர். ஏழு வருஷமும் எதிரே நின்றுதான் பார்த்திருக்கிறார். எதிரே தெரிந்தபடியே பிடித்துக்கொண்டார், கண்ணாடி முன் நிற்கிற மாதிரி.

டிரம்ஸ் வாசிக்கிற இன்னாசியும் பார்த்துவிட்டான். "மாஸ்டர், அந்தக் கை..." என்று ஆரம்பித்தான்.

அவன் இன்னாசியின் காலை மிதித்தான். நன்றாகவே மிதித்தான்.

மாஸ்டர் திரும்பினார். "என்னடா? சரியாத்தானே புடிச்சிருக்கேன்?"

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி காத்திருந்தார். கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னாசி வலி தாங்காமல் ஒற்றைக் காலில் நின்றான்.

அவன் முன்னால் போனான். மாஸ்டரின் காலரை நேராக்கினான். கோட்டின் கை நுனியை இரண்டு பக்கமும் மணிக்கட்டுவரை மேலே தள்ளிவிட்டான். சற்றுப் பின்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"விரலெல்லாம் நல்லாத் தெரியட்டும், மாஸ்டர்," என்றான். "ஊதுறவங்க பாத்ததும் புரிஞ்சுக்குவாங்க."