ஆளுக்கு ஒரு கையுறை

"ஒத்தைக் கையால ஸ்கேட் லேஸ் கட்ட முடியாது. யாரையும் கெஞ்சவும் மாட்டேன்" என்று போன குளிர்காலத்தில் மார்லா சொன்னாள். விபத்தில் அவளுக்கு இடது கை போயிருந்தது.

"அப்போ பெஞ்சுலயே உறைஞ்சு போங்க, மகாராணி" என்று கேலி செய்தான் நண்பன் டாரில்.

இன்றும் கனடாவின் வின்னிபெக் நகரில் உறைந்த ஆற்றோரம், லேஸ் கட்டாத ஸ்கேட் சறுக்குக் காலணியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். டாரில் புதுக் கையுறை ஜோடியைப் பிரித்தான்.

"வழக்கம்போல ஆளுக்கு ஒண்ணு."

வலதை அவளிடம் தந்தான். இடதைத் தனக்கு வைத்துக்கொண்டான். அவனுடைய கோட்டின் வலது கை காலியாகக் காற்றில் ஆடியது.

"நானும் இன்னிக்குத்தான் ஒத்தைக் கையால கட்ட முயற்சி பண்றேன்" என்றபடி குனிந்து தன் லேஸை இழுத்தான். முடிச்சு நழுவியது. மார்லாவின் கை தானாக நீண்டு மறுமுனையைப் பிடித்தது. இருவரின் கைகளும் ஒரே ஆளுடையவை போல வளைத்து, கோத்து, இறுக்கின. அந்த முடிச்சை அவள் பார்த்தாள்.

"டாரில்... எனக்கும் கட்டிவிடுறியா?"