பல்லி சொன்ன பதில்

நாடகக் கொட்டகைச் சுவரில் ஒரு பல்லி, விட்டில்பூச்சி ஒன்றின் இறக்கையைக் கவ்விக்கொண்டிருந்தது. கீழே மேடையில் ஒருவன் வாளிக்குள் நின்று ஒன்றரை மணி நேரமாகக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் வாயைத் திறந்தான்.

"வாழ்றதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

யாரும் பதில் சொல்லக் கூடாது. நாடகம் அந்த ரகம்.

"அண்ணே, கேக்குறான்ல, சொல்லுங்க" என்றது விட்டில்.

"எனக்கென்ன தெரியும்? பேசாம இரு" என்று வாயைத் திறக்காமலே உறுமியது பல்லி.

"தெரியணும்னு அவசியமில்லை. நீங்க சும்மா சத்தம் கொடுத்தாலே ஜனங்க நம்புவாங்க. வாளிக்குள்ள நிக்கிறவனை யாரு நம்புறா?"

பல்லிக்கு இது பிடித்துப்போனது. "ச்சு ச்சு ச்சு" என்றது. விட்டில் பறந்துவிட்டது.

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் நாற்காலிக் கையை விரலால் தட்டியது. "பல்லியே சொல்லிடுச்சு, இருக்குதாம்" என்று முன்வரிசைக்காரர் செருப்பைத் தேடினார். வாளிக்காரன் குடையை மடக்கினான்.

விளக்கோரம் எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு விட்டில் கேட்டது: "நிஜமாவே இருக்காண்ணே?"

"இருந்துச்சு. வாயைத் திறந்தேன், போயிடுச்சு" என்றது பல்லி.