தொண்டை கட்டிய ரேடியோ

காலைச் சந்தை நிலவரத்தில் முட்டை விலை ஏறியது என்று ரேடியோ சொன்னால், வீட்டுக்காரர் கூடையோடு கோழியிடம் வந்துவிடுவார். இறங்கியது என்றால் முட்டைகளை அடைக்கு விட்டுவிடுவார். விலை கேட்காமல் ஒரு முட்டையையும் தொடமாட்டார்.

"இன்னிக்கு இறங்கிடுச்சுன்னு சொல்லுங்கண்ணே," என்று கோழி கெஞ்சியது.

"நானாவா சொல்றேன்? அங்கே பேசுறாங்க, இங்கே கேக்குது," என்றது ரேடியோ.

"உங்களுக்கென்ன, நீங்களா முட்டை போடுறீங்க?"

"முட்டை விலை இன்று..." என்று அறிவிப்பு ஆரம்பித்ததும் ரேடியோ கரகரவென்று இரைந்தது. வீட்டுக்காரர் அதன் தலையில் ஓங்கித் தட்டினார். இன்னும் இரைந்தது. "சனியன்!" என்று கூடையை ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

"வலிக்குதாண்ணே?" என்றது கோழி.

"நீ பேசாம அடையில உட்காரும்மா. நாளைக்கும் எனக்குத் தொண்டை கட்டும்."