பாதியில் நிற்கும் கதவு

வாசலைத் தாண்டியதும், மகள் திரும்பிப் பார்க்காமலே கதவை ஓங்கி இழுத்துவிட்டாள்.

வாத்தியார் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தக் கதவு பாதியில் நிற்கும். அவள் திரும்பித்தான் ஆக வேண்டும்.

அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே நடப்பதுதான். அப்பாவும் மகளும் முட்டிக்கொள்வார்கள். அவள் விருட்டென்று வெளியேறிக் கதவை அறைந்து சாத்தப் பார்ப்பாள். கதவின் அடி தரையில் கரகரவென்று உரசி, பாதி வழியில் மூச்சுவாங்கி நின்றுவிடும்.

கோபக்காரிக்கு அதைவிட மானக்கேடு வேறில்லை. திரும்பி வந்து, கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, முக்கி முனகித்தான் சாத்த வேண்டும். அதற்குள் இடைவெளி வழியே இரண்டு பேர் கண்ணும் சந்தித்துவிடும். யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் உள்ளே வந்துவிடுவாள்.

வகுப்பில் உராய்வுப் பாடம் வரும்போதெல்லாம் அவர் இந்தக் கதவைத்தான் உதாரணம் காட்டுவார். ஓடுகிற பொருள் தானாக நிற்காது, ஏதோ ஒன்று அதைத் தடுத்தாக வேண்டும் என்பார். மகள் உள்ளே வருகிற பகுதியை மட்டும் சொல்லமாட்டார்.

இன்று நடந்ததைச் சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. கல்யாணமாகிப் போனவள், இனி அந்த வீட்டில் இருக்க முடியாது என்று பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். புருஷன் கை நீட்டியதைத் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள். வாத்தியாருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தெரியாதவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமேம்மா."

அவள் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள். அதில் ஒட்டிக்கொண்டிருந்த மரச்சீவலை உதறிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவருக்கே தப்பு தெரிந்துவிட்டது. அடிபட்டு வந்த பிள்ளையிடம் என்ன பேச்சு பேசிவிட்டோம்! ஆனாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. கதவு நிற்கட்டும். முகம் தெரிந்ததும், 'உள்ள வாம்மா, அப்பா புத்திகெட்டுப் பேசிட்டேன்' என்று சொல்லிவிடலாம். வார்த்தைகளைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டார்.

கதவு வந்தது. உரசவில்லை.

பழக்கதோஷத்தில் அவளும் திரும்பியிருந்தாள். தூக்கிச் சாத்துவதற்காகக் கை நீண்டது. பாதி முகம் தெரிந்தது. கண் தெரிவதற்குள் கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மகள் வருகிறாள் என்றதும் நேற்று அவரேதான் கதவைக் கழற்றிப் படுக்கப்போட்டு, இரவல் வாங்கிய இழைப்புளியால் அடியைச் சீவினார். சின்ன வயதிலிருந்து அவளிடம் திட்டு வாங்கிய கதவு. அவள் வந்து உட்கார்ந்ததும் ஒற்றை விரலால் சாத்திக் காட்டிப் பீற்றிக்கொள்ள நினைத்திருந்தார். காலையிலிருந்து திறந்தே கிடந்தது. பெட்டியைப் பார்த்த அதிர்ச்சியில் எல்லாம் மறந்துபோனது.

இத்தனை வருஷமும் மகளை வீட்டுக்குள் கூப்பிட்டது அவர் இல்லை. அந்தக் கதவுதான்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் தட்டுவாள் என்று இவர் உட்கார்ந்திருந்தார். இவர் திறப்பார் என்று அவள் நின்றிருக்க வேண்டும்.

பிறகு பெட்டியின் சக்கரங்கள் உருளத் தொடங்கின. தெருவில் ஓர் ஆட்டோ வந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் பதறி எழுந்து கதவைத் திறந்தார். பூப்போலத் திறந்தது. தெருமுனையில் அந்த ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. தெருமுனைவரை ஓடிப்போய்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். அது நிற்கவில்லை.

அவர் உள்ளே வந்தபோது, மனைவி மூன்று டம்ளர் டீயோடு கூடத்துக்கு வந்தாள். மகள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். கதவு உரசும் சத்தம் கேட்காத தைரியத்தில் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எங்க, முகம் கழுவப் போயிருக்காளா?"