சத்தார் பாய் போட்ட கையெழுத்து

மைக்கூட்டைத் தட்டிவிட்டது நான்தான். தறிப்பேட்டை தீயணைப்பு நிலையத்தில் கிளார்க்காகச் சேர்ந்த நான்காம் நாளே இந்தச் சாதனை. தீயணைப்பு வண்டி ஓடத் தகுதியானது என்று, அதைப் பராமரிக்கும் காண்ட்ராக்டர் சத்தார் பாய் கையெழுத்திட்ட சான்றிதழ் நீலக் குளமாகிவிட்டது. அது இல்லாமல் நாளை கருட சேவைக்கு வண்டி போக முடியாது.

“விடுய்யா, நான் பார்த்துக்கறேன்” என்று அதிகாரி ஆதிகேசவன் சொல்லச் சொல்ல, என் பாவத்தை நானே கழுவ ஓடிப்போய்ப் பாயை அழைத்து வந்தேன். புது ஃபாரத்தை நீட்டினேன்.

“மாட்டேன்பா. பிரேக்கு புடிக்கல. அவ்ளோ ஜனம் நிக்கிற தெருவுல இத்த வுடுவாங்களா?”

“காண்ட்ராக்ட் போயிடும் பாய்” என்றார் அதிகாரி.

“போவட்டும் சார். வேற ஆளைப் பாத்துக்குங்க.”

எனக்குக் கோபம் வந்தது. “நேத்து மட்டும் முத்து முத்தா கையெழுத்துப் போட்டீங்களே?”

பாய் கிரீஸ் படிந்த கட்டைவிரலைக் காட்டினார். “கையெழுத்தா? எனக்கு ஏதுப்பா படிப்பு? காண்ட்ராக்ட் எடுத்த மூணு வருசமா கைநாட்டுதான்.”

நான் அதிகாரியிடம் திரும்பினேன். “அப்போ அது யார் போட்டது சார்?”

“உனக்கெதுக்குய்யா? ஃபாரத்தை இப்படிக் கொடு” என்று பேனாவைத் திறந்தார்.

மிச்சமிருந்த மையைப் புது ஃபாரத்தின் மேல் கவிழ்த்தேன். இந்த முறை கை தவறவில்லை.

“யார் சார் போட்டது?”

அதிகாரி பேனாவை மூடினார்.

“நான்தான்யா.”