சமர்ப்பணத்தில் ஒரு திருத்தம்

"என் நாவலை இ-புக்கா போட்டுடுங்கோ" என்றார் ஹரிஷங்கர்.

சென்னைப் பதிப்பகத்தில் போனை எடுத்த எடிட்டர் செல்விக்கு நம்ப முடியவில்லை.

"சார், நீங்களா? அச்சுல வந்தாத்தான் புத்தகம், திரையில வர்றதை இஷ்டத்துக்கு மாத்திடுவாங்கன்னு திட்டுவீங்களே!"

"அதுக்காகத்தாம்மா கேக்கறேன். மாத்தலாமோல்லியோ?"

"தாராளமா. அச்சுல இருக்கிற தப்பையெல்லாம் இதுல சரி பண்ணிடலாம். பின்னாடி மாத்தினாலும், வாங்கினவங்க போன்ல தானா மாறிடும். எழுத்துப்பிழையா சார்?"

இந்தப் பக்கம், ஹரிஷங்கரின் கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் சிறிய ஹாலில், பிரதிகள் வந்த அட்டைப்பெட்டி பாதி பிரிந்து கிடந்தது. மனைவி வைதேஹி ஒரு பிரதியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சமர்ப்பணத்துல ஒரு திருத்தம்."

செல்வி பக்கத்தைப் புரட்டிப் படித்தாள். "'என் மகள் ஸ்ம்ருதிக்கு.' சரியாத்தானே சார் இருக்கு?"

ஹரிஷங்கர் வைதேஹிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"'ஸ்ம்ருதியின் நினைவுக்கு'ன்னு போடும்மா. புஸ்தகம் பிரஸ்ல இருந்தப்போ ஜுரம்னு படுத்தா. எழுந்திருக்கவே இல்லை. படிக்கறவா எல்லாம் விஷயம் தெரியாம இங்கே போன் பண்ணி, 'ஸ்ம்ருதி என்ன சொன்னா'ன்னு கேக்கறா. இனிமே படிக்கறவாளாவது கேக்காம இருக்கட்டும்."



வைதேஹி எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"எதையும் மாத்தாதேம்மா. கேக்கறவா கேக்கட்டும். கேக்கறவரைக்கும் அவா மனசுல அவ உயிரோட இருக்காளே."