கவருக்குள்ளே ஒரு சீட்டு

கார் வாங்கி ரெண்டு தீபாவளி போயாச்சு. ஆனாலும் பின்சீட்டின் பிளாஸ்டிக் கவரை ஓனர் கழற்றவே இல்லை.

“எல்லாரும் உன்மேலதானே உட்கார்றாங்க, அக்கா! என்னை ஒருத்தர்கூடத் தொட்டதில்லையே!” என்று சீட்டு கவரிடம் புலம்பியது.

“சர்ரக்! புதுசு கண்ணு, அழுக்காயிடும்!” என்று ஓனர் குரலிலேயே கவர் அதட்டியது.

ஒருநாள் ஓனரின் மகள் பூவிழி மாம்பழ ஜூஸோடு ஏறினாள். வெயிலில் கொதித்த கவர் அவள் தொடையில் ஒட்டியது.

“சுடுதுப்பா!”

துள்ளியவள் கவரைப் பிடித்து இழுத்தாள். கவர் கிழிந்தது, ஜூஸும் கவிழ்ந்தது.

“ஐயோ, என் புது சீட்டு!” என்று அப்பா அலறினார்.

சீட்டோ சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டுச் சொன்னது: “ஆஹா! இன்னும் கொஞ்சம் கொட்டு, பாப்பா!”